சாமி இல்லாத கருவறை

கோயில் நாலு மணிக்குத்தான் திறக்கும் தம்பி. கதவைத் தட்டிப் பிரயோசனமில்ல. பட்டர் இப்பத்தான் சாப்பிட்டுட்டுச் சாய்ஞ்சிருப்பார். இப்படி வாங்க, தேரடிப் படியில உக்காருங்க, நிழல் இருக்கு. மெட்ராஸா? கேமராப் பையைப் பார்த்ததுமே நினைச்சேன்.

இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு. கோயில் பார்க்க வந்திருக்கிய, என்னத்தைப் பார்க்கப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்லா? இந்தக் கீழவன்னியூர்ல அதை எடுத்துச் சொல்ல என்னை விட்டா ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லல. என் பேரு ஆவுடையப்பன். நில அளவை ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருசம் வரைபடம் போட்டவன். ரிட்டையர் ஆனதும் முதல் வேலையா இந்தக் கோயிலை அங்குலம் அங்குலமா அளந்து படம் போட்டேன். ஒரு வருசம் பிடிச்சுது. அதுக்கு முன்னால இந்தக் கோயிலுக்குப் படமே கிடையாது, பாத்துக்கிடுங்க.

கோயில்ங்கிறது கட்டடம் இல்ல தம்பி, உடம்பு. ஒரு ஆள் மல்லாக்கப் படுத்திருக்கான்னு வெச்சுக்கிடுங்க. தலை மேக்க, கால் கிழக்க. இந்தா நமக்கு எதுத்தாப்புல நிக்கே ராஜகோபுரம், இது பாதம். தூரத்துல வாரவன் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுதான்னா பாதத்தைத்தான் கும்பிடுதான். உள்ள போனா மகா மண்டபம், அது வயிறும் நெஞ்சும். அதைத் தாண்டி ஒரு குறுகலான இடம் வரும், அர்த்த மண்டபம். நாலு பேர் நின்னா அஞ்சாவது ஆளுக்கு இடமில்ல. அது கழுத்து. அதுக்கு அங்கிட்டு கருவறை, தலை. மனுசன் வெயில்ல இருந்து புறப்பட்டு ஒவ்வொரு வாசலா இருட்டுக்குள்ள போறான். பார்க்கதெல்லாம் குறைஞ்சுக்கிட்டே வந்து கடைசியில ஒரே ஒரு விளக்கு மிஞ்சுது. அது தானா வந்த இருட்டு இல்ல, கணக்குப் போட்டுக் கட்டுன இருட்டு. படம் போட்டவன் சொல்லுதேன்.

அந்த இருட்டைத்தான் இந்தத் திருப்பணிக் குழுக்காரங்க கெடுத்துப் போட்டாங்க. கருவறை வடக்குச் சுவர்ல, மேல, கூரையை ஒட்டி ஒரு ஓட்டை. ஒரு கை நுழையும். நான் அடைச்சு வெச்சிருந்தேன். அதை உடைச்சுத் திறந்துட்டாங்க. மேலிடத்துக்கு மூணு மனு எழுதியாச்சு, ஒண்ணுக்கும் பதில் இல்ல. நாலாவது இந்தா பையில இருக்கு. நீங்க படிச்சவுக, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நியாயம் யார் பக்கம்னு.

பாலாலயம்னு கேள்விப்பட்டிருக்கியளா? தெரியாதுல்லா. யாருக்குமே தெரியாது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால கோயிலை மராமத்துப் பார்க்கணும். சாமி உள்ள இருக்கையில கருவறைக்குள்ள கொத்தனாரும் சித்தாளும் போக முடியுமா? முடியாது. அதனால மந்திரம் சொல்லி, சாமியோட சக்தியை லிங்கத்துல இருந்து ஒரு கும்பத்துக்கு எடுத்து, அங்க இருந்து ஒரு அத்திப் பலகைக்கு மாத்திருவாங்க. பலகையில சாமி படம் எழுதியிருக்கும். அதைப் பிராகாரத்துல ஒரு ஓலைக் கொட்டகை போட்டு வெச்சு, பூசை, நைவேத்தியம் எல்லாம் அங்கனயே நடக்கும். கும்பாபிஷேகம் வரைக்கும் சாமி அங்கதான். கருவறையில இருக்கது வெறும் கல்லு. அந்த நாள்ல உள்ள யாரும் போகலாம், வரலாம். வேலை நடக்கிற வீட்டை விட்டுட்டு நாம வாடகை வீட்டுக்குப் போறோம்லா, அதே மாதிரிதான்.

எங்க கோயிலுக்குப் பாலாலயம் வெச்சது மூணு வருசத்துக்கு முன்னால, ஆவணியில. வடக்குப் பிராகாரத்துல கொட்டகை. தை மாசம் கும்பாபிஷேகம்னு நாள் குறிச்சாச்சு. திருப்பணிக் குழுவுக்கு நான்தான் செயலாளர். அன்னைக்குத்தான் தம்பி நானும் முதல் தடவையா கருவறைக்குள்ள போனேன். அறுபத்தி மூணு வயசுல! அதுவரைக்கும் வெளிச்சுவரை அளந்து, உள்ள இவ்வளவுதான் இருக்கும்னு குத்துமதிப்பாத்தான் படத்துல போட்டிருந்தேன்.

கூட வந்தவன் பலவேசம். கொத்தனார். நல்ல வேலைக்காரன், வாய்தான் கொஞ்சம் கூட. அவன் பெண்டாட்டி முப்பிடாதி, அவளும் அங்கனதான் சித்தாள் வேலை, தண்ணி சுமக்கது. பலவேசம் நிலைப்படிக்கு வெளிய துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கான். "உள்ள வரலாமா அய்யா?"ங்கான். "வால, உள்ள யாரும் இல்ல"ன்னேன். வந்தவன் லிங்கத்தைப் பார்த்துக் கும்பிட்டான். எனக்குச் சிரிப்பு. "யாரைல கும்பிடுத? அவரு கொட்டகையிலல்லா இருக்காரு"ன்னேன். "இருக்கட்டும் அய்யா. ஆள் இல்லாத வீட்டுக்குள்ள போறோம், ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டுப் போகணும்லா"ன்னான். அப்படிப்பட்ட வாய்.

டார்ச் அடிச்சுப் பார்க்கையிலதான் அந்த ஓட்டை தெரிஞ்சுது. என் படத்துல அது கிடையாது. எந்தச் சாஸ்திரத்துலயும் கிடையாது. எந்தக் காலத்துலயோ எவனோ புகை போகட்டும்னு குடைஞ்சு விட்டிருக்கான். ஸ்தபதிகிட்டச் சொன்னேன். "கட்டுனவங்க காரணமாத்தான் விட்டிருப்பாங்க, இருக்கட்டுமே"ன்னார். காரணமாம். தலையில ஓட்டை போடதுக்கு என்ன காரணம்? சாமி திரும்பி வந்தப்புறம் ஒரு துளி சக்தி அது வழியா வெளிய போகக்கூடாதுல்லா. பலவேசத்தைக் கூப்பிட்டு, கல்லு வெச்சு அடைல, சுண்ணாம்பும் சிமெண்டும் போட்டுப் பூசுன்னேன்.

ஏணியில நின்னுக்கிட்டுப் பூசுதான், பூசிக்கிட்டே சிரிக்கான். "என்னல?"ன்னேன். "ஒண்ணுமில்ல அய்யா. இதைத் தலைன்னு சொல்லுதிய. தலைன்னா மூக்கு இருக்கணும்லா? அதைப் போயி அடைக்கச் சொல்லுதியளே." கொத்தனாருக்கு ஆகமம் தெரியுமா? பொறுமையாத்தான் சொன்னேன். பேரே கருவறைன்னுல்லா இருக்கு, தாய் வயிறு மாதிரி, தாய் வயித்துல ஜன்னல் பார்த்திருக்கியான்னு. கீழ சாந்துச் சட்டியை நீட்டிக்கிட்டு நின்ன முப்பிடாதி சொல்லுதா, "வயித்துல கிடக்க பிள்ளைக்குத் தாய்தான அய்யா மூச்சு விடுதா. இங்கன யாரு விடுவா?" புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவங்களோட தர்க்கம் பண்ண முடியுமா? பூசி முடிச்சு, நல்லா நனைச்சு, மூணு நாள்ல இறுகிப் போச்சு. கை வெச்சுப் பார்த்தேன். அருமையான வேலை. ஒரு ஊசி நுழையாது.

டீ குடிக்கியளா? வேண்டாமா. எனக்கும் இந்த நேரத்துல ஒத்துக்கிடாது.

ஐப்பசி வந்துச்சு. அந்த வருசம் பிடிச்ச மழை இருக்கே, விடாத மழை. கோபுரத்துக்குச் சாரம் கட்டுனதால கரண்டு லைனைத் துண்டிச்சிருந்தாங்க. கருவறைச் சுவர்ல தலைமுறை தலைமுறையா ஏறுன எண்ணெய்ப் பிசுக்கு, விரல் கனத்துக்கு. அதைத் தேய்ச்சுக் கழுவி எடுக்கதும் பலவேசம்தான். உள்ள வெளிச்சம் வேணும், தண்ணி பீய்ச்சுத மோட்டார் ஓடணும். அதுக்குக் காண்ட்ராக்டர் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் கொண்டாந்து வடக்குப் பிராகாரத்துல தார்ப்பாய்க்குக் கீழ வெச்சிருந்தான். எங்கன? வடக்குப் பிராகாரத்துல. சாமி எங்க இருக்காரு? அங்கதான். புரியுதா? இருபது அடி கூட இல்ல. அந்தப் புகையும் நாத்தமும் நேரா கொட்டகைக்குள்ள போகுது. உச்சிகால பூசையில பட்டர் இருமிக்கிட்டே தீபம் காட்டுதார். பலகையில எழுதுன சாமி முகத்துல புகை படியுது. என் மனசு கேக்கல. பெத்த தகப்பன் மூஞ்சியில புகையை ஊதினா பார்த்துக்கிட்டு இருப்பமா?

காண்ட்ராக்டர்கிட்டப் போயிச் சொன்னேன். மெஷினை இங்கன இருந்து எடுன்னேன். மழையில எங்க வைக்க அய்யா, நனைஞ்சா ஷாக் அடிக்கும்னான். உள்ள கொண்டு போயி அர்த்த மண்டபத்துல வை, உள்ள யாரும் இல்லல்லான்னேன்.

நான் சாமியைச் சொன்னேன் தம்பி. எல்லாருக்கும் அது புரிஞ்சுதானே இருந்துச்சு. ஒருத்தர் ஏன்னு கேக்கல. ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு போயி வெச்சாங்க. மகா மண்டபத்து வாசல்ல சாரல் அடிக்குதுன்னு அங்க தார்ப்பாயைத் தொங்கவிட்டு நாலு பக்கமும் கட்டினாங்க. அது நான் சொன்னது இல்ல, அவங்களாக் கட்டினது. மனுவிலேயும் அதைத் தெளிவா எழுதியிருக்கேன்.

முத நாள் ஒண்ணும் ஆகல. ரெண்டாம் நாள் காலையில முப்பிடாதி வந்து நிக்கா. "அய்யா, அவியளுக்குத் தலை கனக்காம், மூச்சு முட்டுதுன்னு சொல்லுதாவ. மெஷினை வெளிய வெச்சிரட்டுமா?" நான் கொட்டகையில பூ கட்டதைப் பார்த்துக்கிட்டிருந்தேன், அன்னைக்குப் பிரதோஷம். "நூறு வருசத்துப் பிசுக்கு, நாத்தம் இருக்கத்தான் செய்யும். துண்டை நனைச்சு மூக்குல கட்டச் சொல்லு. சாயந்தரம் பூசை முடியட்டும், பார்ப்போம்"னேன். போயிட்டா. கெட்ட வார்த்தை ஒண்ணு சொல்லியிருப்பேனா? தாயின்னுதான் கூப்பிட்டேன்.

மூணு மணி இருக்கும். மெட்ராஸ்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்துச்சு. உங்களுக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன், கோபுரம் பாதம், மண்டபம் வயிறுன்னு. உள்ள இருந்து ஒரு சத்தம். மெஷின் சத்தத்தைத் தாண்டி வந்துச்சு. முப்பிடாதி டீச் சொம்பைக் கொண்டு போயிருக்கா. பலவேசம் லிங்கத்துக்குப் பக்கத்துல சுவர்ல சாய்ஞ்சு உக்காந்திருக்கான், தாடை நெஞ்சுல முட்டி, பிரஷ் கையிலயே இருக்கு. தூங்குதாவன்னு நினைச்சு உலுப்பியிருக்கா. பொறவு ரெண்டு கக்கத்துலயும் கையைக் கொடுத்து, ஒத்தப் பொம்பளை, அந்த மெஷினைத் தாண்டி மண்டபம் வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்து அவளும் விழுந்துட்டா. அவ பிழைச்சுக்கிட்டா. அவனுக்கு உடம்புல ஒரு கீறல் கிடையாது. மூஞ்சி சிவந்து, குளிச்சுட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

போலீஸ் வந்துச்சு. மெஷினை எங்க வெச்சியன்னு இன்ஸ்பெக்டர் கேக்கார். நான் படபடப்புல, "கழுத்துல"ன்னுட்டேன். யார் கழுத்துலங்கார். அர்த்த மண்டபம்னு திருத்திச் சொன்னேன். அவர் எழுதுனதை நிறுத்திட்டு என்னையே பார்த்தார். அவருக்கென்ன தெரியும் கோயில் சாஸ்திரம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்லா. கிழக்கு வாசல் வழியா தூக்கப் போனாங்க. நான்தான் மறிச்சேன். பாதம் வழியா பிணம் போகலாமா? வடக்கு வாசல் வழியா கொண்டு போங்கன்னேன். வடக்கு வாசலுக்குப் போகணும்னா கொட்டகையைத் தாண்டித்தான் போகணும். சாமிக்கு முன்னால அதைக் கொண்டு போறது ஆகாது. அதனால நான் முன்னால ஓடிப் போயி, சாமிக்குப் போட்டிருக்க சிவப்புத் திரையை இழுக்கப் போனேன்.

பின்னால முப்பிடாதி வாரா. ரெண்டு பேர் தாங்கிக்கிட்டு வாராங்க. என்னைப் பார்த்ததும் நின்னுட்டா. "அய்யா, திரையைப் போடாதிய"ன்னா. சத்தமே இல்ல, தண்ணி கேக்க மாதிரி கேக்கா. "போடாதிய. அவரு பார்க்கட்டும். அவரு வீட்டைத் துடைக்கப் போயித்தான செத்தாவ."

எல்லாரும் என்னையே பார்க்காங்க. பட்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். மழை பெய்யுது. தூக்குனவங்க தோள்ல கனத்தோட நிக்காங்க.

நான் போட்டுட்டேன் தம்பி. போடணும்லா? முறை அதுதானே. இந்தா, இந்தக் கைதான் இழுத்துச்சு.

பொறவுதான் கூத்து. கருவறையில சாவு விழுந்துட்டு, தை மாசம் கும்பாபிஷேகம் கூடாதுன்னு குழுத் தலைவர் வீரபாகு கூட்டம் போட்டார். நான் எந்திரிச்சு நின்னு கேட்டேன்: தீட்டு எப்படி வரும்? சாமி உள்ள இருந்தாத்தானே அது கருவறை? பாலாலயத்துல அது வெறும் கல்லுக் கட்டடம். ஊர்ல கட்டடம் கட்டுதப்ப ஆள் சாகதில்லையா? குறிச்ச நாள்ல நடத்துவோம்னேன். பட்டர்தான் வாயைத் திறந்தார். "ஓய் ஆவுடையப்பன், ஸ்வாமி இல்ல, சரி. மனுஷன் இருந்தான் ஓய்"ன்னார். சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். அதுல என்ன சாஸ்திரம் இருக்கு சொல்லுங்க. நான் கேட்ட கேள்விக்கு அது பதிலா?

கும்பாபிஷேகம் மறு வருசம் ஆவணிக்குப் போச்சு. என்னைக் குழுவுல இருந்து எடுத்துட்டாங்க. கல்வெட்டுல எல்லார் பேரும் இருக்கு, போய்ப் பாருங்க, செயலாளர் பேர் மட்டும் இல்ல. போலீஸ் கேஸ், மெஷின் புகையால வந்த விபத்துன்னு முடிஞ்சுது. கோர்ட்டு விட்டாலும் ஊர் விடாதுல்லா. எல்லாத்துக்கும் மேல அந்த ஓட்டை. பலவேசம் அவ்வளவு அழகா அடைச்சதை உளி வெச்சு உடைச்சுத் திறந்திருக்காங்க. அவன் செஞ்ச கடைசி வேலைகள்ல ஒண்ணு அது, அந்த மரியாதையாவது வேண்டாமா?

முப்பிடாதி இங்கனதான் இருக்கா. பள்ளிக்கூடத்துக் கட்டடத்துல வேலை. காலையில இந்த வழியாத்தான் போவா. என்னைப் பார்த்தா நின்னு கும்பிட்டுட்டுப் போவா. ஒரு வார்த்தை கேக்கதில்ல, ஏசதில்ல. அந்தக் கும்பிடுதான் தம்பி எனக்குத் தாங்கல. யாரைக் கும்பிடுதான்னு ஒரு நாள் கேக்கணும்னு நினைக்கேன். கேட்டதில்ல.

இப்ப என் வீட்டுல ஜன்னல் ஒண்ணையும் சாத்த விடதில்ல நான். மழை பெய்ஞ்சாலும் சரி. கொசு பிடுங்குது, கிறுக்குப் பிடிச்சிருக்கான்னு வீட்டுக்காரி கத்துதா. காத்தோட்டம் உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லுதார்லா.

அந்தா மணி அடிக்கு. கதவைத் திறந்துட்டாங்க. போங்க. செருப்பை இங்கனயே விடுங்க, நான் பார்த்துக்கிடுதேன்.

நானா? நான் வரல. கும்பாபிஷேகத்துக்குப் பொறவு நான் உள்ள போகதில்ல. ஓட்டை விழுந்த கருவறையில சாமி எப்படி இருப்பாரு? அது அடைபடட்டும், முதல் ஆளா நான் போறேன். அதுவரைக்கும் இந்தத் தேரடிதான்.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. மனுவுல எழுதணும், அதுக்காகக் கேக்கேன். பட்டர் தீபம் காட்டையில சாமியைப் பார்க்காதிய, தீபத்தைப் பாருங்க. அந்த ஓட்டை வழியா காத்து வருதுன்னா சுடர் லேசா ஆடணும். ஆடுதா இல்லையான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. வாரவங்க எல்லார்ட்டயும் கேட்டு விடுதேன், எல்லாரும் கும்பிட்டுட்டுப் படம் பிடிச்சுட்டு மறந்து போயிருதாங்க. நீங்க மறக்காதிய.

தம்பி, இருங்க. சுடர் ஆடலைன்னு வெச்சுக்கிடுங்க, நின்னு பார்த்துக்கிட்டு இருக்காண்டாம். திருநீறு கூட வாங்காண்டாம். உடனே வெளிய வந்துருங்க.